மத்தியானச் சோற்றுக்கு ஒரு சைக்கிள்

நான் சாப்பிட்டு எழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் என் மனைவி சோற்றில் கை வைக்கமாட்டாள். ஊரிகம் லைன் வீட்டில் அவள். மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்க ஆபீசில் ஷிப்டுக்கு ஆள் எழுதிக்கொண்டு நான். நடுவில் வெயில், வெறும் வெயில். தூக்கில் கொண்டுபோகும் சோற்றை அங்கேயே தின்றுவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க துன்னதை நான் பாத்தனா?" என்பாள்.

அப்போது அவளுக்கு ஆறு மாதம். பொழுது சாயும்வரை இரண்டு உயிரும் பட்டினி. அதனால்தான் சைக்கிள்.

சீமைக்குத் திரும்பும் ஒரு துரையின் பங்களாவில் சாமான் விற்கிறார்கள் என்று கேட்டுப் போனேன். வராந்தாவில் இரண்டு சைக்கிள்கள். ஒன்று, எப்படிச் சொல்ல, கரும்பச்சை உடம்பு, அதில் தங்கக் கோடு, காற்றடைத்த ரப்பர், நிக்கல் கைப்பிடி. நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கைப்பிடியில் என் முகம்கூட அழகாகத் தெரிந்தது. மற்றது கறுப்பு, காற்றே இல்லாத கெட்டி ரப்பர், எருமைக் கன்று மாதிரி சாது.

பச்சையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பங்களா பட்லர் சிரித்தார். ஏறி உட்கார்ந்தால் புது மாப்பிள்ளைதான் என்று உசுப்பேற்றினார். ஆபீசுக்குப் போகும் மில்லுப் பக்கத்துப் பாதையில் நடந்து நடந்து என் செருப்புக்கு அங்கே கிடக்கும் முள்ளெல்லாம் பழக்கம். இந்தக் காற்று ரப்பரில் முள் குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அது இன்னா பெரிய வேலை? நெழல்ல ஒக்காந்து நிதானமா ஒட்டினா சரியாப் பூடும்."

நிதானமாக. நான் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம், மூடிவைத்த பானைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். கறுப்பின் மேல் கை வைத்தேன். வைத்த பிறகும் பச்சையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்வானேன். பட்லருக்கு மனசு இளகிவிட்டது. துரையைக் கேட்டு, பச்சையின் நிக்கல் மணியைக் கழற்றிக் கறுப்பில் மாட்டித் தந்தார்.

வீட்டு வாசலில் அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"உங்களை மாதிரியே கறுப்பா கீது. மணி மட்டும் என்னை மாதிரி."

மறுநாள் மத்தியானச் சங்கு ஊதியதும் ஏறி மிதித்தேன். கெட்டி ரப்பர் ஒரு கல்லையும் மன்னிக்கவில்லை. ஒவ்வொன்றையும் என் எலும்பிடம் சொல்லிக்கொண்டே வந்தது. வீட்டில் இறங்கியும் உடம்புக்குள் பாதை ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் கை வைத்தேன். எடுத்த சோறு வாய்க்கு வருவதற்குள் உதிர்ந்தது. விரல்கள் அப்படி ஆடின.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கீரைக் குழம்பைப் பிசைந்து எனக்கு ஒரு வாய் ஊட்டினாள். வழியில் ஒரு மாட்டுவண்டி மறித்த கதையை நான் ஆரம்பித்தேன். அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டவள், கேட்கும் மும்முரத்தில் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் கண்டுகொள்ளவில்லை. கதையை நீட்டினேன். ஒரே வண்டிதான் வந்தது. அதன் பின்னால் வராத வண்டிகளையெல்லாம் வரிசையாக ஓட்டிவிட்டேன், தட்டு காலியாகும்வரை.