நூறு ஏ.எச். போதும், பாய்

மன்னார்குடியில் எங்கள் பேட்டரிக் கடையில் டெஸ்டிங்கும் சார்ஜிங்கும் என் பொறுப்பு. வெளியே போய் மாட்டிக் கொடுப்பது என் கணவர். அவர் சரக்கெடுக்கத் தஞ்சாவூர் போயிருந்த ஒரு குறுவை அறுவடை நாளில் கூத்தாநல்லூர் அன்வர் பாய் போன் செய்தார். சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர்.

"தங்கச்சி, நெல்லு ஏத்தியாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆவல. மேற்கால கருத்துக்கிட்டு வருது. இருக்கறதுலயே பெரிய பேட்டரியா ஒண்ணு கொண்டாங்க."

அவர் லாரியில் இரண்டு பேட்டரி. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கேட்ட பெரிசோடு, கொள்ளளவில் சிறிய நூறு ஏ.எச். ஜோடி ஒன்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

களத்தில், நெல்லுக்குச் சொந்தக்காரரான வளர்மதி மூட்டைகள் மேல் ஏறிக் கிழிந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சா மில்லுல எடுக்க மாட்டாங்கக்கா. சீக்கிரம் பாருங்க."

டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்று செத்திருந்தது. மற்றதும் பழசு.

"ஒண்ணுதானே போயிருக்கு? பெரிசப் போட்டு விடுங்க" என்றார் பாய்.

"ரெண்டும் ஒரே லைன்ல ஓடுது பாய். பழசோட சேத்தா புதுசும் சீக்கிரம் போயிடும். நூறு ஏ.எச். ஜோடியாப் போட்டுறலாம். உங்க வண்டிக்குக் கம்பெனியில குடுத்ததே அதுதான்."

அவர் முகம் வாடிவிட்டது. அதுவரை இருந்தது நூற்று முப்பது.

"கொறைக்கச் சொல்றீங்களே. போன தடவ பாலத்து மேல லோடோட நின்னுட்டேன். பின்னாடி வந்தவன் பூரா திட்டிட்டுப் போனான். ஒருத்தன் இறங்கலை."

அந்தப் பயம்தான் பெரிய பேட்டரி கேட்கிறது என்று அப்போது புரிந்தது.

"நின்னா எனக்குப் போன் பண்ணுங்க பாய். எங்க இருந்தாலும் வர்றேன்."

முதல் தூறல் விழுந்தது. பாய் ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

புதுசு இரண்டும் சின்னது. ட்ரேயில் ஆடியது, கிளாம்ப் பிடிக்கவில்லை. முட்டுக்கொடுக்க ஒரு கட்டையும் கிடைக்கவில்லை. பாய் கேபினுக்குள் ஏறினார். பாட்டு கேட்கத் தானே செய்து வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். மேலிருந்து வளர்மதி சிரித்துவிட்டார்.

"சிரிங்க, சிரிங்க. ஒங்க நெல்லுக்காகத்தான்" என்றார் பாய். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பலகையை வெட்டிச் செருகி, கிளாம்பை இறுக்கி, எர்த் வயரைக் கடைசியாக மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் ஒரே இழுப்பில் எஞ்சினைத் தூக்கியது. அவர் மில் ஷெட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் மழை கொட்டியது.

வண்டி நின்றுவிட்டது என்று பாயிடமிருந்து அதன் பிறகு போன் வரவே இல்லை. மன்னார்குடிப் பக்கம் வந்தால் மட்டும், "சும்மாதான் தங்கச்சி" என்று டீ வாங்கிக்கொண்டு வருவார்.

அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும், எத்தனை ஏ.எச். என்பதற்கு முன்னால், "கடைசியா வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேட்கப் பழகினேன். வண்டிக்கு என்ன தேவை, ஓட்டுகிறவருக்கு எது பயம், இரண்டும் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

கடையை இப்போது மகள் பார்க்கிறாள். தெருவில் ஒரு லாரி ஒரே இழுப்பில் கிளம்பினால், அடுப்படியில் இருக்கிற என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.