கீபோர்டுக்கு வைத்த பொட்டு

போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் பழைய லேப்டாப் கறுப்புத் திரையோடு நின்று பீப் பீப் என்று கத்தியது. ஆசிரியையான என் மனைவியின் பாடக் குறிப்புகளெல்லாம் அதற்குள்தான். "நீதான் எதையாவது அமுக்கியிருப்ப" என்று ஒரு வாரம் அவளைத் திட்டினேன். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக் கையைப் பிசைந்தேன்.

பாபநாசத்தில் ரிப்பேர் கடைப் பெண் கீபோர்டில் ஒரு பட்டனைக் கழற்றினார். அடியில் காய்ந்த சந்தனம்.

"பட்டன் அமுங்கியே இருக்குங்க, அதான் ஆன் ஆகல. யாருங்க இவ்ளோ தண்ணியா சந்தனம் வெச்சது?"

பூஜையில் பொட்டு வைத்தவன் நான். வாய் திறப்பதற்குள், "நான்தாங்க" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

துடைத்ததும் லேப்டாப் ஓடியது.

இந்த வருடம் சந்தனக் கிண்ணத்தை என்னிடமே நீட்டி, "கெட்டியாக் கொழைங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.