அத்தை கழுவிய விறகு

எங்கள் வீட்டு அடுக்களையில் கரப்பான்பூச்சி இருந்தது என்று யாராவது சொன்னால் இந்த வயதிலும் எனக்குக் கோபம் வரும். இருந்தது கரப்பான் அல்ல. அதை நிரூபித்தவள் நான். ஒன்பது வயதில் நிரூபித்தேன். அதற்கப்புறம் பிள்ளைகள் பெற்றேன், வளர்த்தேன், மூன்று கல்யாணம் நடத்திவைத்தேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேனே, அப்படி மறுபடி ஒரு தடவை நின்றதாக ஞாபகமில்லை.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், பவானிப்பூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தலைநகரம் டில்லிக்குப் போகாத காலம். அப்பாவுக்கு அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அந்த வருஷம் தாத்தாவின் சிராத்தத்தைக் கல்கத்தாவிலேயே செய்வதென்று முடிவாயிற்று. அதை முன்நின்று நடத்திக்கொடுக்கக் கும்பகோணத்திலிருந்து அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ரயிலேறி வந்து சேர்ந்தாள். கூடவே இரண்டு ஊறுகாய் ஜாடியும், எங்கள் வீட்டைப் பற்றிய ஏராளமான அபிப்பிராயங்களும் வந்து இறங்கின.

அத்தை கெட்டவள் இல்லை. மடி ஆசார விஷயத்தில் மட்டும் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். வந்த மறுநாளே அவள் கண் விறகின் மேல் போயிற்று. சுந்தரவனத்துக் காட்டிலிருந்து படகில் வந்து கால்வாய்க் கரையில் இறங்குகிற விறகு அது. யார் வெட்டினார்களோ, யார் சுமந்தார்களோ. போதாக்குறைக்கு நாங்கள் அதை முற்றத்தில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தோம். அதன்மேல் காக்கை உட்காரும். பால்காரன் அதில் சாய்ந்துகொண்டுதான் ஊர்க்கதை பேசுவான்.

"இந்த வெறகுலயா தெவசத்துக்குச் சமைக்கப் போறேள்?" என்று அத்தை கேட்டாள்.

அன்றைக்குப் புதிதாக ஒரு வண்டி விறகு வரவழைத்தாள். ஒவ்வொரு கட்டையாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெளிக்காற்று படாமல் அடுக்களைக்குள்ளேயே சுவரோரமாக ஆளுயரத்துக்கு அடுக்கச் சொன்னாள். இனிமேல் காக்கையும் வராது, பால்காரனும் தொட முடியாது. கழுவியது அம்மா. சுமந்தது அம்மா. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்ததும் அம்மாதான். கிணற்றுத் தண்ணீர் அத்தனையும் அந்தக் கட்டைகளில்தான் போயிற்று.

ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் ஈயச்சொம்பு மூடியின் மேல் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. மறுநாள் உறியில் ஒன்று, சுவரில் இரண்டு. அதற்கு மறுநாள் பட்டப்பகலில், அத்தை ஜபம் செய்துகொண்டிருக்கும்போது, ஒன்று பறந்து வந்து அவள் மடிப்புடவையிலேயே உட்கார்ந்துவிட்டது.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்து போய் மறுபடி குளித்துவிட்டு வந்தாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்து காலலம்பும்வரை காத்திருந்து, அமைதியாகச் சொன்னாள்.

"கரப்பான் மேயற அடுக்களைடா இது. நாள்பட அழுக்கு சேராம இத்தனை கரப்பான் வராது. தெவசம் ஆனதும் இவளைப் பொறந்தாத்துக்கு அனுப்பி வை. ஆறு மாசம் இருந்து, அடுக்களைன்னா எப்படி இருக்கணும்னு கத்துண்டு வரட்டும். அதுவரைக்கும் உன்னையும் கொழந்தையையும் நான் பாத்துக்கறேன்."

ஆபீஸில் வெள்ளைக்காரத் துரையிடமே அப்பா நேருக்கு நேர் பேசுவார் என்று கேள்வி. அக்காவுக்கு முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. "சரிக்கா, எழுதிப் போடறேன்" என்றார். அன்றைக்கே மாமனாருக்குக் கடிதமும் எழுதிப் போட்டுவிட்டார்.

அம்மா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய், காலையில் அலம்பிய அடுக்களையை மறுபடி அலம்பத் தொடங்கினாள்.

ஆறு மாதம் அம்மா இல்லாமல் எப்படி இருப்பது? அத்தை தலை பின்னினால் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிக்கொள்ளும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவைப் போய் அழுக்கு என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் அடுக்களைத் தரையில் விழுந்த பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். அப்படி இருக்கும்.

அத்தை வெந்நீர் ஊற்றிப் பார்த்தாள். வெங்காரத்தைச் சர்க்கரையோடு பிசைந்து உருட்டி மூலைக்கு மூலை வைத்தாள். இரண்டு நாள் கழித்துக் குளிக்கிற அறைச் சாக்கடையோரம் நாலு கரப்பான் மல்லாந்து கிடந்தன. அங்கே வைத்த உருண்டையும் பாதி கரைந்திருந்தது. அடுக்களையில் வைத்த உருண்டைகளோ வைத்தது வைத்தபடி இருந்தன. பூச்சிகள் அவற்றைச் சட்டை செய்யாமல் சுவரில் உலாவிக்கொண்டிருந்தன. சர்க்கரையை வேண்டாம் என்கிற கரப்பானும் உண்டா? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அப்பாவிடமிருந்து இரண்டு காலி மைப்புட்டிகளை வாங்கிக்கொண்டேன். ஒன்றில் சாக்கடைக் கரப்பான், இன்னொன்றில் அடுக்களைப் பூச்சி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சாக்கடைக்காரன் கறுத்துத் தடித்து, எண்ணெய் தடவிய மாதிரி பளபளப்பாக, நாற்றத்தோடு இருந்தான். அடுக்களைக்காரன் ஒல்லி. பொரித்த அப்பளத்தின் நிறம். இறகோரத்தில் வெளிறிய கரை ஒன்று மெலிதாக ஓடியது. மோந்து பார்த்தேன், நாற்றமே இல்லை. இதை எந்தக் குழந்தை செய்யும் என்று கேட்காதீர்கள், நான் செய்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு புட்டிகளையும் கூடத்தில் திறந்துவிட்டேன். கரப்பான் வெளிச்சத்தைக் கண்டதும் தலைதெறிக்க ஓடிப் பெட்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. மற்றது விருந்தாளி மாதிரி நிதானமாக விளக்கடிக்கு நடந்து போயிற்று. இன்னொன்றைப் பிடித்துச் சோறு போட்டு வைத்தேன். தொடவில்லை, இரண்டே நாளில் காய்ந்து செத்தது. அடுத்ததற்கு ஈரமான விறகுப் பட்டை ஒன்றை உரித்துப் போட்டேன். அது சௌக்கியமாக இருந்தது. அப்புறம் எனக்கு என்ன யோசனை வேண்டும்?

மறுநாள் விறகுக்காரன் வாசலோடு போகும்போது புட்டியைக் காட்டினேன். அவன் சிரித்தான். "ஆர்ஷோலா நொய், குக்கி. காட்டேர் போக்கா" என்றான். கரப்பான் இல்லையாம், மரத்துப் பூச்சியாம். அது எனக்கு முன்னமே தெரியும் என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சிராத்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருந்தார். அடுக்களை அடுக்கிலிருந்து பெரிய கட்டை ஒன்றை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். "அதைத் தொடாதேடி, மடி" என்று அத்தை எழுந்தாள். அவள் வருவதற்குள் துவைக்கிற கல்லில் கட்டையை ஓங்கி அடித்தேன். பட்டை பிளந்து பொலபொலவென்று ஏழெட்டுப் பூச்சிகள் வெயிலில் விழுந்தன.

"அத்தை, இது அம்மாவோட அழுக்கு இல்லே. நீங்க கழுவி உள்ளே அடுக்கச் சொன்ன வெறகுலேர்ந்து வந்தது. முத்தத்துல வெயில்ல காஞ்சப்போ ஒண்ணுகூட வரலே" என்றேன்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அத்தை குனிந்து பார்த்தாள். தானே போய் இன்னொரு கட்டையை எடுத்து வந்து தட்டினாள். அதிலிருந்தும் விழுந்தன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெறகையெல்லாம் வெளியில எடுத்துப் போடுங்கோ" என்றாள். அவள் சுபாவத்துக்கு அது பெரிய வார்த்தை.

சாயங்காலத்துக்குள் புதுச் சட்டமும் பிறந்துவிட்டது. விறகு முற்றத்தில் காய வேண்டும், அதுவும் தரையில் படாமல் செங்கல்மேல். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தட்டி உதறி, நிலைப்படியில் ஒரு கை ஜலம் தெளித்து உள்ளே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ளே வந்த பூச்சிகளை அடிக்கவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். இங்கே ஈரமில்லை, தானே போய்விடும் என்று அத்தை எனக்கே பாடம் சொன்னாள். சொன்னபடியே நடந்தது. சிராத்தத்தன்று அம்மாதான் சமைத்தாள். அடுக்களையில் தேடினாலும் ஒரு பூச்சி கிடையாது. சாப்பிட வந்தவர்களிடம் அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "எங்காத்துப் பொண்ணு கண்டுபிடிச்சா" என்று சொன்னாள். அப்பாவுக்கும் அதில் தைரியம் வந்து, "அப்போ இவ ஊருக்குப் போக வேண்டாமேக்கா" என்றார். "எதுக்குப் போகணும்?" என்றாள் அத்தை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா ஒரு கார்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "அப்பாவுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளை எழுதினபடி நான் இப்போது வரவில்லை. ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

எழுதி முடித்ததும் படிக்கச் சொன்னாள். படித்தேன். "இன்னொரு தடவை படி" என்றாள். மூன்று தடவை படிக்க வைத்தாள். என் கையெழுத்தில்தான் ஏதோ சந்தேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்டின் அடியில் இடம் மிச்சம் இருந்தது. அவளைக் கேட்காமலே நான் ஒரு வரி சேர்த்தேன். "என்ன எழுதினே?" என்றாள். எழுந்து நின்று உரக்கப் படித்தேன்: "அம்மா வராததற்கு நான்தான் காரணம். பூச்சியைக் கண்டுபிடித்தது நான்."

அம்மா என்னையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றாள். நானே தெருமுனைக்கு ஓடிப் போய்த் தபால்பெட்டியில் கார்டைப் போட்டேன். என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்தவள், ஒன்பது வருஷமாகத் தன் அப்பாவைப் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். அவள் அதை நினைத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் தெரியாது.