மற்றவனுக்காகச் சத்தியம் செய்த கை

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. சத்தியமாக என்று சொல்லலாம்தான்... அந்தச் சொல்லைக் கேட்டால் கிருபன் இன்றைக்கும் கதிரையை விட்டு எழும்பிப் போய்விடுவான்.

போன மாசி மாதம். கிருபன் டொரோண்டோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டோர்செட் பார்க் பகுதியில் ஒரே அறையில், ஊர்ச் சிநேகிதன் டிலக்சனோடு இருந்தான். இருவருக்கும் துப்புரவு வேலை. கொன்ராக்ட் எடுத்து நடத்துபவர் தங்கத்துரை அண்ணை. அந்த மாதம் அவருக்கு ஒரு கண்காட்சி மண்டபம் கிடைத்திருந்தது. பல நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பாவில் குற்றவாளிகளை என்ன செய்தார்கள் என்று காட்டுகிற கண்காட்சி. விரல் நெரிக்கும் திருகு. நாக்கை அழுத்தும் இரும்பு. ஆளைத் தொங்கவிட்டு அழுகவைக்கும் கூடு. சனம் டிக்கெட் எடுத்து வந்து, அவற்றின் முன்னால் பல்லைக் காட்டிப் படம் பிடித்தது. பொப்கோர்ன் தின்றது. சிந்தியதைக் கூட்டி அள்ளுவது கிருபனின் வேலை.

மூலையில் ஒரு சின்ன மேடை. அதில் ஒரு இரும்புத் துண்டு, பக்கத்தில் சுருட்டிய வெள்ளைத் துணி. அதைப் பற்றி நிரூபா ஒருநாள் சொல்லியிருந்தாள். அங்கே வழிகாட்டியாக நின்றவள், கனடாவில் பிறந்த பிள்ளை.

"களவெடுத்தியோ எண்டு கேப்பினம். இல்லையெண்டா, பழுக்கக் காய்ச்சின இரும்பைத் தூக்கிக்கொண்டு நடக்கோணும். பிறகு கையைத் துணியாலை கட்டி, மெழுகாலை சீல் வைப்பினம். மூண்டாம் நாள் பாதிரியார் வந்து அவிழ்ப்பார். ஆறியிருந்தா இன்னசன்ட். சீழ் வைச்சிருந்தா கில்ட்டி. சோ க்ரோஸ், அருவருப்பா இல்ல?"

செவ்வாய்க்கிழமை காலை பிரச்சினை வந்தது. முதல்நாள் பின்னேரம் ஒரு பெண் கழிப்பறையில் கைகழுவும் தொட்டியோரம் கழற்றி வைத்த கல்யாண மோதிரத்தைக் காணவில்லை. அவளுக்குப் பிறகு அங்கே போனது துப்புரவுக்காரர் இரண்டு பேர்தான்.

"ஆரெண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி ரெண்டு பேரையும் நிப்பாட்டுவன்" என்றார் தங்கத்துரை அண்ணை.

கிருபன் முன்னால் வந்தான். அவனுடைய வேர்க் பெர்மிட் இந்த வேலையோடு கட்டியது. வேலை போனால் ஊருக்குப் பிளேன்தான்.

"கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுறன் அண்ணை."

"இதுக்குள்ளை கொளுத்தினியெண்டா மேலையிருந்து தண்ணி கொட்டும், ஃபயர் ட்ரக் வரும். உனக்கென்ன விசரே?" அண்ணை சுற்றிப் பார்த்தார். "உந்தா, அந்த இரும்பிலை கைவை. வெள்ளைக்காரன்ரை கற்பூரம்."

டிலக்சன் பின்வாங்கினான். "சீ! ஆர் ஆர் தொட்டதோ. எனக்கு அரியண்டமாக் கிடக்கு."

"அவனுக்கும் சேர்த்து நானே பண்ணுறன்" என்றான் கிருபன். சிநேகிதனுக்காகச் சத்தியம் செய்யத் தயங்குகிறவன் என்ன சிநேகிதன்? "நானும் எடுக்கேல்லை. இவனும் எடுக்கேல்லை. இது சத்தியம்."

இரும்பு பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. இழுத்துத்தான் எடுத்தான்.

புதன் காலை 6:10. அலாரத்தை நிறுத்தக் கையை நீட்டினான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. முடிச்சின் மேல் மெழுகு.

"மச்சான், உன்ரை பகிடியோ?"

டிலக்சன் பல்விளக்கியபடி எட்டிப் பார்த்தான். "கையிலை ஒண்டும் இல்லையேடா."

கத்தரிக்கோல் துணியில் ஏறவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள்.

வியாழன். துணி மஞ்சளாகி ஊறியிருந்தது. வெயிலில் கிடந்த கோழி இறைச்சியின் நாற்றம். கிளினிக்குக்கு ஓடினான். கையில் ஒன்றுமே இல்லை என்றாள் டொக்டர். ஆனால் கதிரையைப் பின்னால் தள்ளினாள். அந்தக் குளிரிலும் யன்னலைத் திறந்தாள்.

வெள்ளி. மூன்றாம் நாள். காலை 9:40.

கிருபன் மண்டபம் கூட்டிக்கொண்டிருந்தான். பின்னால் செருப்புத் தேயும் சத்தம். சரக்... சரக்... திரும்பினான். யாரும் இல்லை.

டிக்.

மெழுகு உடைந்தது.

யாரோ அவிழ்க்கிறார்கள். அவசரமில்லாமல். சுற்றுச் சுற்றாக...

உள்ளங்கை தெரியவில்லை. பச்சைச் சீழ். அதற்குள் ஏதோ நெளிந்தது.

முழங்கையில் ஒரு மூச்சு பட்டது. கீழே இறங்கியது. முகர்ந்து பார்க்கிற மூச்சு.

"நான் எடுக்கேல்லை!"

மூச்சு விலகவில்லை.

"அவன் எடுக்கேல்லை எண்டது எனக்குத் தெரியாது! தெரியாமத்தான் சொன்னன்!"

நின்றது.

கை வெறுங்கையாக இருந்தது. சுத்தமாக. துணியும் இல்லை.

கத்தல் கேட்டு தங்கத்துரை அண்ணை ஓடிவந்தார். கிருபனைப் பார்த்தார். பிறகு டிலக்சனைப் பார்த்தார். "அப்ப நீ சொல்லு பாப்பம்."

"உவனுக்கு மூளை தட்டிப்போட்டுது அண்ணை." டிலக்சன் சிரித்துக்கொண்டே போய் இரும்பின் மேல் பளாரென்று கையை வைத்தான். "நான் எடுக்கேல்லை. சத்தியம். போதுமோ?"

அன்று பின்னேரமே டிலக்சன் பையைத் தூக்கிக்கொண்டு, அஜக்ஸில் மாமி வீட்டுக்குப் போய்விட்டான்.

சனி காலை கிருபனுக்குப் போன் வந்தது. "மச்சான்... என்ரை கையிலை ஆர் துணி சுத்தினது?" அதோடு கட்டானது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் அவன் பதில் சொல்லவில்லை.

திங்கள் காலை அந்த மேடையில் மோதிரம் கிடந்தது. மஞ்சள் பிடித்த ஈரத் துணி முடிச்சுக்குள். இந்தத் தரம் துணி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு தடியால் கிளறி மோதிரத்தை எடுத்தார். கிருபனின் வேலை தப்பியது.

"மேடையிலை இருந்த துணிதானே உது?" என்று நிரூபாவைக் கேட்டான்.

"எந்தத் துணி? நாங்கள் அங்கை துணியே வைக்கேல்லையே." அவள் அந்த இரும்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். "இதுவும் உண்மையான இரும்பில்லை. ஃபோம். பெயின்ட் அடிச்சது."

டிலக்சனை அவன் பிறகு ஆடி மாதம் கோயில் வாசலில் கண்டான். முப்பது டிகிரி வெயில். வலது கையில் தடித்த பனிக்காலக் கையுறை. திருவிழாச் சனம் தோளோடு தோள் நெரிந்து நின்றது.

அவனைச் சுற்றி மட்டும் இடம் இருந்தது.