தலைக்கு ஒரு வாட்ச்

உத்திரமேரூருக்குச் சற்று முன்னால், ஏரிக்கரை வளைவில் பேருந்து நின்றுவிடுகிறது. குறுக்கே சுங்கத்துறை ஜீப். கடற்கரைப் பக்கமிருந்து வரும் வண்டிகளையெல்லாம் சோதிக்கிறார்களாம்.

பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண் சட்டென்று என் இடது கையைப் பிடிக்கிறாள். என்ன ஏதென்று கேட்பதற்குள் மணிக்கட்டில் புத்தம்புது வெளிநாட்டுக் கடிகாரத்தை மாட்டிவிடுகிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவளோ கூடைக்குள் கைவிட்டு அடுத்தவருக்கு ஒன்று, அதற்கடுத்தவருக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே போகிறாள். பிரசாதம் வாங்குவதுபோல எல்லாரும் கையை நீட்டுகிறார்கள்.

“என்னம்மா இது?”

“எங்கண்ணன் சொந்த போட்ல எட்த்தாந்தது சார். வெளிநாட்லேர்ந்து வர்றவங்களுக்குத் தலைக்கு ஒரு வாச்சு வரி கெடையாதாம், ரூலே கீது. அண்ணன் ஒண்டியா வந்துச்சு. அதான் நான் பிரிச்சிக் குட்த்துக்கினு கீறேன்.”

“அது கடல் தாண்டி வந்தவங்களுக்கும்மா! பஸ்ல வர்றவங்களுக்கு ஏது?”

“ஏன் சார், பஸ்ல வர்றவங்களுக்குத் தலை இல்லியா?”

கழற்றலாமென்றால் அதிகாரி ஏறிவிட்டார். கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொள்கிறேன். அவர் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார், கருவாட்டைக் கிளறுகிறார், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புகிறார். எனக்கு மூச்சு வருகிறது.

படியில் இறங்கப் போனவர், போகிற போக்கில் கேட்கிறார்:

“மணி என்னாச்சு?”

பேருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இடது கையைத் தூக்கிப் பார்க்கிறது.