பனிவண்டியின் மூக்குப் பாரம்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எனக்குப் படிப்பு குறைவு. ஊருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. அதைவிட, இதில் வருகிற மனிதருக்குத் தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது பிடிக்காது. பெயர் போடாவிட்டால் எழுதுங்கோ என்று இப்போதுதான் அவர் சம்மதித்தார். அதனால் ஒருவருடைய பெயரும் இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஜெர்மனியின் தெற்கே, ஆல்ப்ஸ் மலைப் பக்கம், ஒரு சிறிய மலைவிடுதியில் நானும் மனைவியும் வேலை செய்தோம். நான் சமையற்கட்டு, அவள் அறைகள். தங்குவதும் அங்கேயேதான். முதலாளியம்மா கணவனை இழந்தவர், ஜெர்மன்காரி. மாதத்தில் ஒருமுறை நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும். அதற்கென்று சுவாமியார் தூரத்திலிருந்து வருவார். அந்த ஞாயிறு மட்டும் விடுதியில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எங்களை வேலைக்கு மறிக்காத மனுசி அவர்.

கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் ஒன்றில் நடந்தது இது. அந்த வருடம் முதலாளியம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்து, கீழே ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். டெர்மின், அதாவது குறித்துக் கொடுத்த நாள், தவறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கீழே அறை எடுத்துத் தங்குங்கள் என்றோம், கேட்கவில்லை. வாந்தி எடுப்பதென்றாலும் என் வீட்டில்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பனி கொட்டியது. பாதையில் பனிச்சரிவு விழுந்து கார் போக முடியாமல் போனது. எங்களிடம் இருந்தது ஒரு பனிவண்டி. முன்னுக்கு இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு ரப்பர்ப் பட்டி, மோட்டார்சைக்கிள் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. இறுகிய பனியில் நன்றாக ஓடும். ஆனால் அதன் எஞ்சின் பெரியது, பாரமானது. புதுப் பனியில் முன்பக்கம் அப்படியே புதைந்துவிடும். பின்னால் பூட்டிய சறுக்குப் பெட்டியில் முதலாளியம்மாவைப் போர்த்திப் படுக்கவைத்து, மனைவியை என் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிப் போன அன்று, பாதி வழியில் வண்டி குப்புற இறங்கிவிட்டது. நானும் மனைவியும் பனியைத் தோண்டி வண்டியை எடுப்பதற்குள் அந்த அம்மா குளிரில் நடுங்கிப்போனார். ஆஸ்பத்திரிக்குப் போகாமலே திரும்பினோம்.

மீட்புக் குழுவைக் கூப்பிடுவோம் என்றேன். அவர்கள் உயிர் போகிறவர்களுக்கு வருகிறவர்கள், எனக்காக அலையவேண்டாம் என்றார் முதலாளியம்மா. ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்கு வேறு டெர்மின் கொடுத்தார்கள்.  அவரோ என் மனைவியிடம், இந்த வண்டியில் இனி ஏறமாட்டேன், மருந்து போதும், நடக்கிறது நடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அவள் அழுதுகொண்டு வந்து என்னிடம் சொன்னாள்.

எங்கள் பூசையில் கீபோர்ட் வாசிக்கிற ஒருவர் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கீழே ஒரு கராஜில் மெக்கானிக். அவருக்குப் போன் எடுத்து, என்ன செய்யலாம் என்றுதான் கேட்டேன். வரச்சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பார்க்கிறேன், திருத்துகிற ஆயுதங்கள் போட்ட பையை முதுகில் கட்டிக்கொண்டு இடுப்பளவு பனியில் ஏறி வந்துகொண்டிருக்கிறார்.

தேநீரைக் குடித்துவிட்டு வண்டியை ஒரு சுற்று ஓட்டச்சொல்லிப் பார்த்தார்.

"மூக்குப் பாரம் அண்ணை. இது ஓடேல்லை, காட்டுப் பண்டி மாதிரி நிலத்தைக் கிண்டுது."

கொட்டிலுக்குள் இன்னொரு பழைய பனிவண்டி கிடந்தது. முதலாளியம்மாவின் கணவர் ஓட்டியது. பட்டி கிழிந்து, அடிப்பக்கம் உக்கிப்போனது. அதன் எஞ்சினைப் பார்த்ததும் இவருடைய முகம் மாறிவிட்டது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். தண்ணீர், றேடியேற்றர் ஒன்றும் இல்லை. காற்றிலேயே குளிரும், கயிற்றை இழுத்தால் கிளம்பும். இதை எங்கள் வண்டியில் மாற்றிப் பூட்டினால் மூக்கு இலேசாகும் என்றார். அதைக் கழற்றித் தனியாளாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். மற்ற வண்டியின் எஞ்சினை இறக்க நாங்கள் இருவரும் சங்கிலி போட்டும் மூச்சு வாங்கியது.

அதற்கு முன் முதலாளியம்மாவிடம் உத்தரவு கேட்கப் போனோம். கட்டிலில் இருந்தபடியே, உயிரோடு இருந்தபோது என் கணவர் அதை என்னைத் தொடவும் விடவில்லை, இப்போதாவது எனக்காக ஓடட்டும் என்றார். சுகமில்லாமல் போனபிறகு அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

எஞ்சின் சின்னது, ஆனால் அதைப் பூட்டுகிற துளைகள் எங்கள் வண்டியின் துளைகளோடு பொருந்தவில்லை. கோதுமை மா வந்த பெட்டியின் அட்டையை வெட்டி, துளைகளை அதில் குறித்து, அந்த அளவுக்கு இரும்புத் தகட்டை அறுத்துத் துளைபோட்டார். எஞ்சினிலிருந்து பட்டிக்குப் போகிற பெல்ற் மயிரிழை கோணினாலும் அறுந்துவிடுமாம். அதற்காக எஞ்சினைப் பூட்டுவார், குனிந்து பார்ப்பார், திரும்பக் கழற்றுவார். எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. அன்றிரவு எங்களோடு தங்கினார்.

ஞாயிறு விடிந்ததும் எனக்கு மனம் உறுத்தத் தொடங்கியது. அன்றைக்குத்தான் தமிழ்ப் பூசை, கிறிஸ்மஸ் பாட்டெல்லாம் அவர்தான் பழக்கியிருந்தார். நீர் போகாவிட்டால் பூசை குறைப்பட்டுப் போகுமே, பாவமில்லையோ என்றேன்.

"பாட்டுக்கு ஆக்கள் இருக்கினம் அண்ணை. இதுக்கு ஒருத்தரும் இல்லை. அந்த நட்டுத் திருகிற சாவியை எடுங்கோ."

மத்தியானம் பூட்டி முடிந்தது. கயிற்றை இழுத்தோம், கிளம்பவில்லை. பல வருடம் கிடந்த எஞ்சின் அல்லவா. அப்போது அவர் எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலையை எடுத்தார். போர் நாளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிது. காபரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி மோட்டார்சைக்கிளைக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். அதேபோலப் பீச்ச ஒரு சின்னப் போத்தல் கேட்டார். வீடு முழுக்கத் தேடியும் கிடைத்தது ஒன்றுதான். லூர்து மாதா உருவத்தில் செய்த, தீர்த்தம் கொண்டுவந்த பிளாஸ்டிக் போத்தல்.

என் மனைவி நெஞ்சில் கைவைத்துவிட்டாள்.

"மாதாவின்ர தலையைத் திருகிப் பெற்றோல் விடப்போறியளோ?"

"மாதா கோவிக்கமாட்டா அக்கா. அவவும் வயித்துப் பிள்ளையோட கழுதையில போனவதானே. வாகனக் கஷ்டம் தெரிஞ்சவ."

அவள் சிரித்துக்கொண்டே செபம் சொல்லி, தீர்த்தத்தை ஒரு கோப்பையில் ஊற்றிவைத்துவிட்டுப் போத்தலைக் கொடுத்தாள். ஆனால் போத்தலைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆசீர்வதித்த தண்ணீரைச் சீலையில் துடைப்பதா? அடியில் நின்ற தண்ணீர் பெற்றோலோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. பிறகு இருமவும் இல்லை. இவர் கோபிக்கவில்லை. காபரேற்றரைத் திரும்பக் கழற்றி, விறைத்த விரல்களால் ஒவ்வொரு துளையாகத் துடைத்து, ஊதி, ஸ்பார்க் பிளக்கை அடுப்படியில் காயவைத்துப் பூட்டினார். வெளிச்சம் மங்குவதற்கு முன் அது பிடித்துக்கொண்டது. மலை முழுக்கச் சத்தம், கொட்டில் முழுக்கப் புகை. முதலாளியம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

திங்கள் காலை நான் ஓட்டினேன். அவர் பின்னுக்குச் சறுக்குப் பெட்டியின் மேல் நின்று, முதலாளியம்மா சரியாமல் பிடித்துக்கொண்டு வந்தார். முன்பு புதைந்த இடம் வந்ததும் எனக்கு வாய்க்குள் அருள்நிறை மரியே செபம் ஓடியது. வண்டியின் முன்பக்கம் பனிக்கு மேலேயே நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மா இறங்கி, மெக்கானிக்கின் எண்ணெய்க் கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.  அதற்குப் பிறகு ஒரு டெர்மினும் தவறவில்லை. மருந்து முழுவதும் ஏற்றி முடித்தார். கர்த்தர் கிருபையால் இன்றும் இருக்கிறார்.

சில காலம் கழித்து, ஒரு பிள்ளை முதல்தரம் நற்கருணை வாங்கிய முதல்நன்மைக் கொண்டாட்டத்தில் ஒரு அக்கா இந்தக் கதையை எனக்கே சொன்னார். லூர்துத் தண்ணீர் ஊற்றியதும் செத்த எஞ்சின் தானாகக் கிளம்பியதாம். மெக்கானிக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவரோ பக்கத்தில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மறுத்துச் சொல்லப் போக, என் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ அண்ணை. மாதாவுக்குப் பேர் போகட்டும்."

அன்று விட்டுவிட்டேன். ஆனால் மாதாவை நம்புகிறவன் என்பதால்தான் இப்போது எழுதுகிறேன். இன்னொருவர் பாடுபட்ட பேரை எடுத்துக்கொள்ள அவ விரும்பமாட்டா. வாசிக்கிற நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். தண்ணீர் எஞ்சினை நிறுத்தியது, ஒரு மனிதர் தன் பூசையையும் பாட்டையும் விட்டுவிட்டு வந்து அதை ஓடவைத்தார், அவரை அனுப்பியது யார் என்று நான் ஒவ்வொரு நாளும் செபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.