சங்கு போட்ட பொத்தான்கள்

அப்பாவின் காக்கிக் கோட்டைக் குற்றால அருவி கொண்டுபோன கதை எங்கள் வீட்டில் வருடம் தவறாமல் சொல்லப்படும். செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமையாக இருந்தபோது அப்பா சுங்கச் சாவடியில் சேவகராக இருந்தார். நான் பிறப்பதற்கு முந்தின வருடம், சர்க்கார் கொடுத்த கோட்டைப் பாறைமேல் கழற்றி வைத்துவிட்டுக் குளித்தபோது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மேலதிகாரியிடம் சொல்லி, வேலை போகாமல் தப்பித்தாராம். சாரல் தொடங்கியதும் மாமா வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த நாளில் அவர் கொல்லத்தில் முந்திரி ஆலையில் இருந்தவர். தான் பார்க்காததைச் சுவையாகச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"மச்சான், இந்த வருசமும் தண்ணி நல்லா விழுது. கோட்டு கரை ஒதுங்கியிருக்கான்னு ஒரு எட்டு போய்ப் பாக்கீயளா?"

அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கு வேடிக்கைப் பேச்சு புரியாது என்று நான் முடிவு செய்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பில் இருந்தேன். எல்லாரைப் பற்றியும் ஒரு முடிவு வைத்திருந்தேன்.

அந்த வருடம் பள்ளியில் பழம்பொருள் கண்காட்சி. காட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு செப்புக் காசு கூட இல்லை. கொல்லையில் ஒரு நந்தியாவட்டைச் செடி நின்றது. அதனடியில் பாம்பு கிடக்கிறது, மண்ணைக் கிளறக் கூடாது என்பாள் அம்மா. பாம்பு தானாக வளை தோண்டாது என்று பாடத்தில் படித்திருந்த எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அம்மா இலஞ்சிக் கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு முழ ஆழத்தில் பாம்பு இல்லை. பச்சை பூத்த பித்தளைப் பொத்தான் ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. மொத்தம் ஆறு.

புளி போட்டுத் தேய்த்தபோது ஒவ்வொன்றிலும் ஒரு சங்கு தெரிந்தது. தபால்காரர் கோட்டுப் பொத்தானில் சிங்கம் இருக்கும்; அது சுதந்திரத்துக்குப் பிந்தியது. தென்காசியில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் மழைக்குப் போட்டுக்கொள்ளும் பழைய கோட்டில் கிரீடம் இருந்தது. அது வெள்ளைக்காரன் ஆண்ட பக்கம். சங்கு எங்கள் மகாராஜாவின் முத்திரை. பொத்தான்களில் நாலு பெரியவை, மார்புக்கு. இரண்டு சிறியவை, பைக்கு. அறுந்து விழும் பொத்தான் தனியாகத்தான் கிடக்கும். ஆறும் ஒரே இடத்தில் கிடந்தால் கோட்டு முழுசாகவே மண்ணுக்குள் போயிருக்கிறது, துணி மக்கிவிட்டது. இவ்வளவையும் நானே கண்டுபிடித்தேன். சாயங்காலம் மாமா வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாமா, கோட்ட அருவி கொண்டுபோகல. நம்ம கொல்லையிலதான் கிடந்துது. அப்பா பொய் சொல்லியிருக்காவ."

ஆறையும் வரிசையாக வைத்து விளக்கினேன். மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏட்டி, நீ வக்கீலுக்குப் படி. மொத கேசே ஒங்க அப்பன் மேலதான்."

அப்பா சிரிக்கவில்லை. அதைப் பார்த்து மாமாவின் சிரிப்பும் நின்றது. அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டியாட்டி?"

"ஆறையும் எடுத்துட்டேன்."

"வேற எதையும் தொடலையே?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. வெறும் மண்ணுதான்."

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சர்க்கார் சொத்து வெளியே வந்ததற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, மகாராஜா இனிமேல் கேட்க மாட்டார் என்று அவளுக்குத் தைரியம் வேறு சொன்னேன். அப்பா, "புள்ள படிப்புக்குத்தான எடுத்துருக்கு, கொண்டுபோட்டும்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். மறுநாள் அந்தக் குழியின்மேல் ஒரு கல் இருந்தது.

கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு. பொத்தான்களைப் பள்ளியிலேயே கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள்.

நான் பயிற்சி முடித்து ஆசிரியையாகச் சேர்ந்த வருடம், பக்கத்து வீட்டில் பிறந்து மூன்று நாளான குழந்தை இறந்துபோனது. பெயர் வைக்காத பிள்ளையை எங்கள் பக்கம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டுக் கொல்லையிலேயே புதைப்பார்கள். சுற்றி எடுக்க அப்பா தன் புதுத் துண்டைக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நம்ம மூத்தவனுக்கு ஒரு நல்ல துணி கூட இல்லட்டி. அடமழை. அவன் நனையக்கூடாதுன்னு ஒங்கப்பா போட்டிருந்த கோட்டத்தான் கழத்துனாவ."

எனக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் பழைய பள்ளிக்குப் போனேன். அலமாரியில் வரைபடச் சுருள்கள் இருந்தன. பொத்தான்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. மேசை இழுப்பறையில் அவற்றைக் கோத்திருந்த அட்டை மட்டும் கிடைத்தது. ஆறு இடத்தில் ஊசித் துளைகள். கீழே என் குண்டு குண்டான கையெழுத்து.

பொருள்: சேவகர் கோட்டின் பொத்தான்கள். காலம்: மகாராஜா காலம். கிடைத்த இடம்: எங்கள் வீட்டுக் கொல்லை. கடைசியாக அணிந்தவர்: என் தகப்பனார்.

நாலு வரிக்கும் டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார். நாலாவது தவறு.